பிராண்ட்: சுட்ட குறியும் எடுத்த பெயரும்

யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. திருமண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்), கோயில் துண்டுப்பிரசுரம் ஆகியவற்றோடு இப்போது வீட்டிலிருந்து சிறுதொழில் செய்வோரின் லேபல்களும் நிறைய வருகின்றன. சென்ற மாரியில், வறுத்த மிளகாய்த்தூள் விற்கும் ஓர் அம்மா லேபல் அடிப்பிக்க வந்து, என் மேசைக்கு முன்னால் இருந்தபடி கேட்டார்: "தம்பி, பிராண்ட் எண்டதுக்குத் தமிழ் என்ன? பேஸ்புக்கில எங்கட பிராண்டைப் பிரபலப்படுத்தச் சொல்லிப் பிள்ளையள் சொல்லுகினம். என்னத்தைப் பிரபலப்படுத்திறது எண்டு எனக்கு விளங்கேல்லை." அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன மறுமொழி அரைகுறையானது. அதன் பிறகு அந்தச் சொல்லைத் தேடிச் சென்றதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பிராண்ட் என்னும் ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது நெருப்பு. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் தீயையும் எரிகின்ற கொள்ளிக்கட்டையையும் குறித்தது. எரிதல் என்னும் பொருளுடைய ஜெர்மானிய வேரிலிருந்து பிறந்த சொல் அது. டச்சு மொழியில் காய்ச்சி வடித்த திராட்சை மதுவை 'எரித்த மது' என்னும் பொருளில் பிராண்டவைன் என்றார்கள். நாம் பிராந்தி என்று சொல்வது அதன் வழியாக வந்ததே. கந்தோர் (அலுவலகம்), கக்கூசு போன்ற சொற்களை ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, நேரே பெற்றுக்கொண்ட யாழ்ப்பாணத் தமிழருக்கு, பிராந்தியும் பிராண்டும் ஒரே அடுப்பிலிருந்து வந்த சொற்கள் என்பது வியப்பளிக்கலாம். கொள்ளியைக் குறித்த சொல், காலப்போக்கில் காய்ச்சிய இரும்பினால் சுட்டுப் பதிக்கும் அடையாளத்தையும் குறிக்கலாயிற்று. கால்நடைக்கும் குற்றவாளியின் உடலுக்கும் மரப்பீப்பாவுக்கும் அவ்வாறு சூடு இட்டார்கள். பீப்பாவில் சுட்ட அடையாளம் 'இது இன்னாருடைய சரக்கு' என்று கூறியதால், 19ஆம் நூற்றாண்டில் சூடு இல்லாமல் அச்சடித்து ஒட்டிய அடையாளத்துக்கும், பின்னர் அந்தச் சரக்குக்குமே அது பெயராயிற்று. பிரித்தானியாவில் வணிகக்குறிகளைப் பதியும் சட்டம் 1875இல் வந்தது. 1876 சனவரி 1ஆம் திகதி முதலாவதாகப் பதியப்பட்டது பாஸ் என்னும் பியர் நிறுவனத்தின் செம்முக்கோணம்.

இந்த வரலாற்றில் நமக்குப் புதியது ஏதும் இல்லை. வன்னியிலே பட்டி மாடு வைத்திருந்தவர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளை மாட்டின் உடம்பிலே சுட்டுவைப்பதைக் குறிசுடுதல் என்றார்கள். காட்டிலே அவிழ்த்துவிட்ட மாடு யாருடைய பட்டியைச் சேர்ந்தது என்பதைக் குறியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆங்கிலச் சொல் எந்தச் செயலிலிருந்து புறப்பட்டதோ, அதே செயலுக்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருந்தது.

அதற்கும் முந்திய ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் பண்டப் பொதிகளின்மேல் சோழனின் புலிச் சின்னத்தைப் பதித்து வெளியே விட்டதைச் சங்கப் பாட்டான பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்கிறது. பொறித்தல் என்னும் வினையின் பெயரான 'பொறி', அடையாளத்தையும் குறிக்கும், தீப்பொறியையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லில் நெருப்பும் அடையாளமும் எப்படி ஒன்றாய் உறைகின்றனவோ, அப்படியே இந்தத் தமிழ்ச் சொல்லிலும் உறைகின்றன. இதனை முதன்முதல் கவனித்த இரவு நெடுநேரம் எனக்கு நித்திரை வரவில்லை. இன்னும் ஒன்று: அதே பாட்டுத்தான் அப்பட்டினத்து வணிகரை, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் வாழ்ந்தவர்கள் என்று புகழ்கிறது. பொதியின்மேல் இட்ட புலி அரசனுடையது. பொதிக்குள் இருந்த சரக்கின் அளவுக்குப் பொறுப்பு வணிகனுடையது.

யாழ்ப்பாண மண்ணிலும் சான்று உண்டு. ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் கிடைத்த சிறிய முத்திரையில் குறிகளும் பிராமி எழுத்துகளும் மேலும் கீழுமாக உள்ளன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்களில் நந்தியும் 'சேது' என்னும் சொல்லும் உள்ளன. படம் ஒன்று, அதனோடு ஒரு பெயர் என்ற அந்த அமைப்பைத்தான் இன்றைக்கும் லேபலில் அடிக்கிறோம்.

இனி, பிராண்டுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்பதைப் பார்ப்போம். இலங்கைப் பத்திரிகைகளில் 'வர்த்தகநாமம்' நிலைபெற்றுவிட்டது. 'முன்னணி வர்த்தகநாமம்' என்று தொடங்காத நிறுவனச் செய்திக்குறிப்பைக் காண்பதே அரிது. அதை எழுதுவது பிழையென்று சொல்லமாட்டேன். ஆயினும் பிராண்ட் என்பதற்குள் பெயர், படம், நிறம், சொல்லும் விதம் எல்லாம் அடங்கியிருக்க, நாமம் என்னும் சொல் பெயரை மட்டுமே பிடிக்கிறது. 'வணிகப்பெயர்' என்றால் அது பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளும் வியாபாரப் பெயரோடு மயங்கும். 'முத்திரை' நல்ல சொல்லே. ஆனால் நம்மிடையே அது தபால் முத்திரையை நினைவூட்டும். 'இலச்சினை' லோகோவுக்கு ஏற்கெனவே பொருந்திவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம். என் மனத்துக்கு மிகவும் பிடித்த 'பொறி'யையும் மனமில்லாமல் கைவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'வணிகப்பொறி' என்று லேபலில் அடித்தால் வாசிப்பவர் எலிப்பொறியைத்தான் நினைப்பார். எஞ்சுவது 'குறி'. வணிகக்குறி என்று எழுதினால், பெயரும் படமும் நிறமும் அதற்குள் அடங்கும். பட்டி மாட்டின் சூடும் நினைவுக்கு வரும். சட்டப்படி பதிந்ததைப் 'பதிவுபெற்ற வணிகக்குறி' என்று எளிதாகப் பிரித்துச் சொல்லலாம். குறி என்பதற்கு இலக்கு என்ற பொருளும் இருப்பதால், யாரை நோக்கிப் பேசுகிறோம் என்னும் கேள்வியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் குறி என்பது கண்ணுக்குத் தெரியும் பாதி மட்டுமே. மற்றப் பாதிக்கு நம்மவர் வாயில் என்றும் புழங்கும் சொல் 'பேர்'. பருத்தித்துறை வடை பேர்போனது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பேர்போனது. அந்த வடையை முதன்முதல் தட்டிய கைக்கு எந்த இலச்சினையும் இருக்கவில்லை, அந்த மாம்பழத்துக்கு எந்த விளம்பர நிறுவனமும் உழைக்கவில்லை. பேரை ஒருவர் வைக்கலாம், எடுக்கலாம், கெடுக்கலாம். வைக்கிற பேர் அவருடைய கையில் உள்ளது. எடுக்கிற பேர் ஊராரின் வாயில் உள்ளது. பிராண்ட் என்று இன்று வணிகக் கல்வி சொல்வதன் முழுப்பொருளும் 'பேர் எடுத்தல்' என்னும் இரண்டு சொற்களில் அடங்கிவிடுவதாகவே நான் கருதுகிறேன்.

சமூக ஊடகம் என்பதையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் சமூக வலைத்தளம் என்று எழுதுகிறார்கள். வலைத்தளம் என்பது இணையத்தில் ஓர் இடம் மட்டுமே, ஊடகமோ இருவருக்கு நடுவே நின்று கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஊடு என்பதற்கு நடு என்றும் பொருள் உண்டு. மீடியாவுக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கும் அதுவே பொருள். இதோடு நம்மூர் வழக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கூட்டத்தைக் குறிக்கும் 'சமூகம்' வேறு. பாடசாலைக்குச் சமுகமளித்தல் என்கிறோமே, நேரில் இருத்தலைக் குறிக்கும் அந்தச் 'சமுகம்' வேறு. வணிகக்குறியைச் சமூக ஊடகத்தில் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். பின்தொடர்வோர் என்னும் கூட்டத்தை எல்லாரும் எண்ணுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னே நாளாந்தம் சமுகமளிப்பவர்கள் குறைவு.

விளம்பரம் என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. விளம்புதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். பழைய வழக்கில் உணவு பரிமாறுதலும் விளம்புதலே, மலையாளத்தில் இன்றும் அப்பொருள் உண்டு. பந்தியில் பரிமாறுகிறவர் இலையில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். சோறு போதுமா, குழம்பு வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு விடுவார். சமூக ஊடகத்தில் செய்யும் விளம்பரம் பத்திரிகை விளம்பரத்திலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

தூள் விற்கும் அம்மாவிடம் திரும்புகிறேன். அவருடைய மகள் தொடங்கிய முகநூல் பக்கத்தில் முதல் சில வாரங்களும் இருந்தவை இணையத்திலிருந்து எடுத்த மிளகாய்ப் படங்களும் 'தரமானது, சுவையானது' என்ற வரிகளுமே. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் பிள்ளை தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாய் வேலை செய்வதை அப்படியே எடுத்துப் போட்டாள். செத்தல் மிளகாய் பாயில் காய்கிறது. மல்லி சுளகில் புடைபடுகிறது. தாச்சியில் பெருஞ்சீரகமும் மிளகும் வெந்தயமும் தனித்தனியே வறுபடுகின்றன. கடைசியாகக் கறிவேப்பிலை விழும்போது எழும் சடசடப்பு அப்படியே கேட்கிறது. நடுவில் தாய் இருமிக்கொண்டு, "மிளகாயைக் கருக விட்டால் தூள் கைக்கும்" என்கிறார். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கருத்துகள் வந்து குவிந்தன. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த இருமல். தங்கள் தாயாரும் அப்படித்தான் இருமியிருப்பார்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்தவற்றில் பயன் தந்தவை எளிமையானவை. முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்தார்கள். ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதினால், தேடுகிறவருக்கு அவை இரண்டு கடைகள். விலையைக் கேட்டவரை 'உள்பெட்டிக்கு வாருங்கள்' என்று அலைக்காமல், எல்லாரும் காண விலையை எழுதினார்கள். வட்சப்பில் கட்டளைகளைப் பெற்றார்கள். உறைப்புக் கூடிவிட்டது என்று ஒருவர் குறை எழுதியபோது அதை அழிக்காமல், எந்த மிளகாய் அம்முறை வந்தது என்று விளக்கி மறுமொழி எழுதினார்கள். அந்த ஒரு மறுமொழியைப் படித்துவிட்டு வாங்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னாள். காசு கொடுத்து எத்தனையோ ஆயிரம் விருப்புகளை வாங்கலாம். அவற்றில் ஒன்றும் அடுத்த மாதம் தூள் கேட்டு வராது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று நம் பழமொழி சொல்லும். பிராண்டின் வரலாறு தெரிந்தபின் அதை வாசித்தால், இன்னொருவரின் குறியைத் தன் உடம்பில் சுட்டுக்கொள்வதைப் பற்றிய கதையாகவே அது தெரிகிறது. கொழும்பிலோ சென்னையிலோ பெரிய நிறுவனம் ஒன்று ஆடிப்பாடிக் காணொளி போட்டது என்று, வீட்டுத் தூள்காரியும் அதே பாட்டுக்கு ஆடுவதால் நோவு மட்டுமே மிஞ்சும். இங்கே எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: 'பிராண்டு' என்று உகரம் சேர்த்து எழுதினால் நகத்தால் கீறுவதைச் சொல்லும் தமிழ் வினையாகிவிடும். கடன்சொல்லையே எழுத விரும்புவோர் 'பிராண்ட்' என்று நிறுத்துவது நல்லது.

பூனையின் கதைக்கு மறுபுறமும் உண்டு. சில மாதங்களில், வேறொரு பக்கம் அந்த அம்மாவின் காணொளியையே வெட்டி எடுத்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தன்னுடைய தூளை விற்கத் தொடங்கியது. எங்கள் அச்சகத்துக்கு அவர் வந்து அழுததை நான் மறக்கமாட்டேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி வணிகக்குறியைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில் பதியலாம். பதிவு 10 ஆண்டுகளுக்கு நிற்கும், பின்னர் புதுப்பிக்கலாம். ஆனால் பொருளின் வகையையோ அது உண்டான இடத்தையோ மட்டும் சொல்லும் சொற்களை ஒருவர் தமக்கென்று பதிந்துகொள்ள இயலாது. 'யாழ்ப்பாணத்து வறுத்த தூள்' என்பது ஊரார் எல்லாருக்கும் உரியது. ஆகவே தமக்கேயுரிய ஒரு சொல் வேண்டும். முகநூலில் பக்கம் திறப்பதற்கு முன்பே அதைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனோடு சேர்ந்து வரும் சில சொற்களுக்கும் என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். பிராண்டிங் என்பதைக் குறிபொறித்தல் என்றும், பிராண்டின் மதிப்பைப் பெயர்மதிப்பு என்றும், ஹேஷ்டேக்கைக் கொத்துக்குறி என்றும் எழுதலாம். மார்க்கெட்டிங்குக்குச் சந்தைப்படுத்தல் ஏற்கெனவே நம் பாடநூல்களில் உள்ளது.

அந்த அம்மா இரண்டாம் முறை லேபல் அடிப்பிக்க வந்தபோது, ஊர்ப் பெயரைச் சிறிய எழுத்தில் கீழே இறக்கிவிட்டு, தன் தாயாரை வீட்டில் அழைத்த செல்லப்பெயரைப் பெரிதாக மேலே போடச் சொன்னார். இலச்சினைக்கு ஒரு சுளகு வரைவித்திருந்தோம். மெய்ப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மான்ர பேரைப் போட்டிட்டன் தம்பி, இனித் தூளைக் கருக விடேலாது" என்றார். அதன் கீழே 'வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன்.