டாஃபியா, வெண்ணெயா? பிரவுன் ஏலைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி

பிரவுன் ஏல் என்ற பீருக்குப் பெயர் வந்ததே அதன் பழுப்பு நிறத்தால்தான். ஆனால் போட்டியில் அதை மதிப்பிட உட்காரும் நடுவரின் தாளில் நிறத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. அந்த மூன்றையும் நிறம், தெளிவு, நுரை என்ற மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இது சரியான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போய்விடும். பிரான்ஸின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அதே மாணவர்கள் சாயம் போடாத வெள்ளை ஒயினை அதற்குரிய சொற்களால்தான் வர்ணித்திருந்தார்கள். சாயம் ஏறியதும் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களை எழுதினார்கள். பழுப்பு நிறத்தில் ஒன்றைப் பார்த்தாலும் இதே கதைதான். குடிப்பதற்கு முன்பே மூளை சாக்லேட், காபி, கேரமல் என்று பட்டியலைத் தயாராக வைத்திருக்கும்.

பிரவுன் ஏலில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். இதில் நல்ல குணமும் குறையும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு வருகின்றன. டாஃபி மணம் வந்தால் அது மால்ட் என்ற தானியம் தந்த வரமா, பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் செய்த பிழையா? உலர்திராட்சை மணம் வந்தால் அது வறுத்த பார்லியா, பழசாகிப்போன பீரா? நடுவரின் வேலையில் பாதி இந்த இரட்டையர்களைப் பிரித்தறிவதுதான்.

முதலில் நல்ல பக்கத்தைப் பார்ப்போம். பீருக்கு அடிப்படை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. பிரவுன் ஏலில் பெரும்பகுதி சாதாரண வெளிறிய மால்ட்தான். பழுப்பைத் தருவது சிறிதளவு சேர்க்கும் சிறப்பு மால்ட்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கிரிஸ்டல் மால்ட். முளைகட்டிய பார்லியை உலர்த்தாமல், ஈரத்தோடேயே 65 முதல் 70 டிகிரி சூட்டில் புழுங்க வைப்பார்கள். அந்தச் சூட்டில் தானியத்துக்குள் இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு, உமிக்குள்ளேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். பிறகு சூட்டை ஏற்றி வறுப்பார்கள். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள்: மாவாக உதிராது, கற்கண்டு போல் நொறுங்கும். டாஃபி, கேரமல், கொஞ்சம் அதிகமாக வறுத்தால் உலர்திராட்சை என்ற சுவைகளெல்லாம் இதிலிருந்து வருகின்றன.

இன்னொன்று சாக்லேட் மால்ட். பெயரில்தான் சாக்லேட், பொருள் அதே பார்லி. 200 டிகிரிக்கு மேல் வறுத்தது. இதில் ஒரு பிடி போதும், பீர் செம்பழுப்பாகிவிடும். இதற்கு வழி செய்தது 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் காப்புரிமை வாங்கிய உருளை வறுப்பான். காபிக்கொட்டை வறுக்கும் உருளை மாதிரியே சுழலும். அதற்கு முன்பு விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட்டில் புகை மணமும் சேர்ந்தே வந்தது.

இரண்டிலும் நடப்பது மெய்லார்டு வினை. 1912-ல் லூயி கமீய் மெய்லார்டு என்ற பிரெஞ்சு வேதியியலர் விவரித்தது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களைப் பிறப்பிக்கும். முறுகலான தோசையின் ஓரமும் வறுத்த வேர்க்கடலையும் மணப்பது இதனால்தான். பிரவுன் ஏலை முகர்ந்தால் வரும் கொட்டைப்பருப்பு மணத்துக்குக் காரணமான பைரசீன்கள் இந்த வினையில் பிறந்தவையே. பருப்பு எதையும் போடாமலே 'நட் பிரவுன்' என்று பெயர் வைக்கிறார்களே, அதற்கு வேதியியல் காரணம் இது.

சரி, இந்த மணங்களை எப்படிப் பிடிப்பது? நாக்கு இதில் அதிகம் உதவாது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) என்ற ஐந்தோடு அதன் வேலை முடிந்தது. கொட்டை, டாஃபி, பழம் எல்லாம் மூக்கின் தீர்ப்பு. மனித மூக்கில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. விழுங்கியதும் மூச்சை வெளியே விடும்போது தொண்டையின் பின்வழியாக மணம் மூக்கேறும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: இனிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். விரலை எடுத்த நொடியில் வறுத்த மணம் முழுவதும் வந்து சேரும்.

நடுவர்கள் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவார்கள். மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் மணம் தங்கும். உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்துச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகர்வார்கள். இழுத்து இழுத்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் மரத்துவிடும். அதனால் தாளில் முதல் கட்டமே மணம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு முகர்ந்தால் பாதி மணம் எழவே எழாது. பிரிட்டிஷ் ஏல்களுக்கு 10 முதல் 13 டிகிரி பொருத்தம்.

இப்போது டாஃபி விஷயத்துக்கு வருவோம்.

ஈஸ்ட் தன் வளர்ச்சிக்கு வேலின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்துக்கொள்ளும். அந்த வழியில் இடைப்பொருளாக ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் உருவாகி, அதில் கொஞ்சம் செல்லுக்கு வெளியே பீரில் கசிந்துவிடும். அங்கே அது தானாகவே மெல்ல மெல்ல டைஅசிட்டைல் என்ற பொருளாக மாறும். இதன் மணம் உங்களுக்குத் தெரிந்ததே: வெண்ணெயில் இயற்கையாக இருப்பது, சினிமா தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் மணத்துக்காகச் செயற்கையாகவும் சேர்க்கப்பட்டது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் போல இருந்தாலே பலரால் கண்டுபிடிக்க முடியும். ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் நொதித்தலின் கடைசி நாட்களில் இந்த டைஅசிட்டைலைத் திரும்ப உறிஞ்சி, மணமற்ற பொருளாக்கிவிடும். காய்ச்சுபவர் அவசரப்பட்டுச் சீக்கிரம் குளிர வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், வெண்ணெய் பீரில் தங்கிவிடும்.

லாகர் என்ற வெளிர்நிற பீர் வகையில் இந்தக் குறை உடனே பளிச்சென்று தெரியும். பிரவுன் ஏலிலோ ஏற்கெனவே கேரமல் இருக்கிறது. கேரமலும் வெண்ணெயும் சேர்ந்தால் பட்டர்ஸ்காட்ச். புதிதாகச் சுவைப்பவர் 'ஆகா, எவ்வளவு வளமான மால்ட்!' என்று மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடுவார்.

பிரித்தறிய வழி இருக்கிறது. மால்ட்டின் டாஃபி தனியாக வராது. ரொட்டியின் மேலோடு, வறுத்த தானியம், கொஞ்சம் கருகல் என்று கூட்டத்தோடு வரும். வெல்லப்பாகு முற்றும்போது எழுகிற மணத்தின் சாயல் அதில் இருக்கும். டைஅசிட்டைல் ஒற்றைச் சுரம்: வெண்ணெய், வெண்ணெய், வெண்ணெய். அளவு கூடினால் நாக்கில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு வழவழப்பும் தெரியும். விழுங்கிய பின் மால்ட்டின் சுவை படிப்படியாக மாறிக்கொண்டே தேயும், வெண்ணெயோ அப்படியே படிந்து நிற்கும். சிலருக்கு டைஅசிட்டைல் மணம் பிறவியிலேயே சரியாகத் தெரியாது. ஒரே பீரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து மதிப்பிடுவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

காய்ச்சும் இடத்தில் இதற்கு அழகான ஒரு சோதனை செய்வார்கள். இன்னும் பாட்டிலில் அடைக்காத பீரிலிருந்து இரண்டு கிளாஸ் எடுத்து, இரண்டின் வாயையும் அலுமினியத் தாளால் மூடுவார்கள். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதைச் சுமார் 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் போல நிறுத்தி, ஆற வைத்து, இரண்டையும் முகர்வார்கள். சூடு பட்டதில், பல நாளில் நடக்க வேண்டிய மாற்றம் சில நிமிடங்களில் நடந்துவிடும். சூடுபடுத்தியதில் மட்டும் வெண்ணெய் மணந்தால் மூலப்பொருள் இன்னும் பீரில் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்று நன்றாக இருக்கும் அந்த பீர் இரண்டு வாரம் கழித்து நடுவர் மேசையில் பாப்கார்னாக மணக்கும். இரண்டிலும் மணம் இல்லையென்றால் அடைக்கலாம். கருவி ஏதும் வேண்டாம், இரண்டு கிளாஸும் ஒரு மூக்கும் போதும்.

உலர்திராட்சை இரட்டையர் இதைவிடக் கடினம். ஆக்சிஜன் பட்டு, வெப்பத்தில் கிடந்து பழசான பீரில் நோனினால் என்ற பொருள் தலைதூக்கும். நனைந்த அட்டைப்பெட்டியை முகர்ந்ததுபோல் இருக்கும். அடர்நிற பீரில் அட்டையோடு ஷெர்ரி ஒயின், உலர்திராட்சை மணமும் சேர்ந்துகொள்ளும். அடர்ந்த கிரிஸ்டல் மால்ட்டும் உலர்திராட்சைதான் தரும். நான் பார்ப்பது இனிப்பின் உயிரைத்தான். புதிய பீரில் இனிப்புக்குப் பின்னால் ரொட்டி மணம் துடிப்பாக நிற்கும். பழசில் இனிப்பு இருக்கும், ரொட்டி போயிருக்கும், கடைசியில் வாயில் காகிதம் மிஞ்சும்.

வாயில் உணரும் தன்மையில் நம் மொழி ஒரு கை கொடுக்கிறது. ஆங்கிலத்தில் பயிற்சி பெறும் நடுவர்கள் கசப்பையும் துவர்ப்பையும் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். அறுசுவை என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் குறைவு. நாவற்பழம் தின்ற வாய் நினைவிருக்கிறதல்லவா? அதேதான். மால்ட்டின் உமியை அளவுக்கு மிஞ்சிய சூடான நீரில் அலசினால் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் இறங்கிவிடும். அவை எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, வழுக்கும் தன்மை போய் நாக்கும் கன்னமும் உரசும். கசப்புக்கு நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அவற்றைத் தட்டி வருவது. துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்ச்சி. பிரவுன் ஏலில் ஹாப்ஸ் கசப்பு மிதமாக இருக்கலாம், வறுத்த கசப்பு லேசாக இருக்கலாம். துவர்ப்பு நின்றால் மதிப்பெண் இறங்கும்.

அப்புறம், எந்த வகைக்கு அனுப்பியது என்பதையும் பார்க்க வேண்டும். லண்டனில் பிறந்த மேன்ஸ் பிரவுன் ஏல் இனிப்பானது, ஆல்கஹால் 2.8 சதவீதம்தான். வட இங்கிலாந்தில் ஜிம் போர்ட்டர் மூன்று ஆண்டுகள் முயன்று 1927-ல் கொண்டுவந்த நியூகாசில் பிரவுன் ஏல் 4.7 சதவீதம், அதைவிட இனிப்புக் குறைந்தது. அமெரிக்கர்கள் இதே யோசனையை எடுத்து ஹாப்ஸைக் கூட்டினார்கள். ஆரஞ்சுத் தோல் மணக்கும் ஒரு பிரவுன் ஏல் அமெரிக்க வகையில் பரிசு வாங்கும், பிரிட்டிஷ் வகையில் அதே மணத்துக்காகத் தோற்கும். நியூகாசிலின் நிறமற்ற கண்ணாடி பாட்டில் அழகுதான். ஆனால் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் உருவாகும். வட அமெரிக்காவின் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சுகிற நாற்றத்துக்கு நெருங்கிய உறவு அது. பழுப்புக் கண்ணாடியில் அடைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மேசையில் நடுவர்கள் பேசாமல் தனித்தனியே எழுதி முடித்த பிறகுதான் ஒருவரையொருவர் கேட்பார்கள். மதிப்பெண்கள் வழக்கமாக 7-க்குள் நெருங்க வேண்டும். ஒருவர் 38, மற்றவர் 29 என்றால் இருவரும் கிளாஸை மறுபடி எடுப்பார்கள். இதற்குள் கால் மணி நேரம் ஓடியிருக்கும், பீரும் கொஞ்சம் சூடேறியிருக்கும். குளிரில் அடங்கிக் கிடந்தது இப்போது மேலே வரும். 38 போட்டவர் கையை எடுத்து முகர்கிறார். பாப்கார்ன். மணத்துக்கு எதிரே எழுதிய 10-ஐ அடித்துவிட்டு 7 என்று எழுதுகிறார். கீழே, காய்ச்சியவருக்காக ஒரு வரி: 'மால்ட் தேர்வு அருமை. குளிர வைக்கும் முன் இன்னும் மூன்று நாள் பொறுங்கள்.'