அரிசிப் பானையும் முப்பது கணினிகளும்

குன்னூரில் ஒரு பள்ளியின் கணினி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 30 கணினிகள். போன வருஷம் கோடை விடுமுறையில் அத்தனை கணினிகளின் வட்டுகளிலும் இருந்ததைத் துடைத்தழித்துவிட்டு இமேஜ் போட்டேன். ஒரு கணினியில் விண்டோஸ், லிப்ரே ஆபிஸ், தமிழ்99 விசைப்பலகை எல்லாவற்றையும் சரியாக அமைத்து, அந்த வட்டை அப்படியே நகலெடுத்து மற்ற 29லும் ஏற்றுவதற்குத்தான் இமேஜ் போடுவது என்று பெயர். ஒவ்வொன்றாக உட்கார்ந்து இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

பள்ளி திறந்த முதல் நாள், வெளியே சாரல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். "சார், இது சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள் ஒரு பெண். போய்ப் பார்த்தால் 30 கணினிகளும் லிப்ரே ஆபிஸை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதே லிப்ரே ஆபிஸை!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த இன்ஸ்டாலர் கிட்டத்தட்ட 350 எம்பி. 30 கணினிக்கு 10.5 ஜிபி. எங்களுக்கு இருந்தது நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு, ஒரு பைட்டுக்கு 8 பிட். வேறு யாரும் தொடாமல் இருந்தாலே 2 மணி 20 நிமிஷம் ஆகும். மலையில் மழைக்காலத்தில் அந்த வேகமும் நிலையாகக் கிடைக்காது. அன்றைய வகுப்பு போனதுதான் மிச்சம்.

ஏன் இப்படி ஆகிறது? ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகள் ஒவ்வொன்றிலும் ஏஜென்ட் என்று ஒரு சிறு நிரல் இருக்கும். அது அவ்வப்போது சர்வரை, அதாவது எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மையக் கணினியை, கூப்பிட்டு, 'என்னிடம் என்னென்ன இருக்க வேண்டும்?' என்று கேட்கும். இல்லாததை இன்ஸ்டால் செய்யும். 'இல்லை' என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி வாங்கியதாகக் கடையில் பதிவாகியிருக்கும், போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்திருக்கும். ஆனால் வீட்டுப் பானையில் அரிசி இருக்கிறதா என்பதைப் பானையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் சர்வர் பானையைப் பார்க்கவில்லை, பதிவைப் பார்த்தது. புதிதாக இமேஜ் போட்ட கணினியின் பக்கம் அதில் வெற்றாக இருந்தது. 'இன்னும் பார்க்கவில்லை' என்பதை 'ஒன்றுமே இல்லை' என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அனுப்ப ஆரம்பித்துவிட்டது.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். துடைத்த கணினிக்கும் பழைய வரிசை எண்தானே? அந்த எண்ணுக்கு நேராக 'ஒரு முறை போட்டாகிவிட்டது' என்று பழைய குறிப்பு இருந்தால், கணினி காலியாக இருந்தாலும் சர்வர் எதையும் அனுப்பாது. அதனால் இமேஜ் போட்டதும் முதல் வேலை, பழைய குறிப்பை அழித்துவிட்டு, கணினியில் இருப்பதைக் கணக்கெடுத்து அனுப்பச் செய்வது. இன்ஸ்டால் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு முறையும் கணினியையே கேட்பது. பல கணினிகளை நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் 2012 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு கண்டறியும் விதி எழுத வேண்டும், அதாவது அது கணினியில் இருக்கிறதா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது என்ற விதி. மேக் கணினிகளை நிர்வகிக்கும் முங்கி என்ற நிரலும் இப்படித்தான், இன்ஸ்டால் செய்யும் முன் கோப்பு இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று கணினியிலேயே தேடும். இருந்தால் பேசாமல் நகர்ந்துவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு மாறாத இந்தக் குணத்துக்குக் கணிதத்தில் ஐடம்பொட்டன்ஸ் என்று பெயர். 1870இல் பெஞ்சமின் பியர்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். ஓர் எண்ணை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் அதே எண்தானே வருகிறது, அது போல. கணினி நிர்வாகத்தில் இந்த எண்ணத்தை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் மார்க் பர்ஜெஸ். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1993இல், சிஎஃப்எஞ்சின் என்ற கணினி நிர்வாக நிரலை எழுதினார்.

விதி எழுதுவது லேசான வேலை இல்லை. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருளைப் போட்டால் அதன் பதிவு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வாவ்6432நோட் என்ற தனிக் கிளைக்குப் போய்விடும். வழக்கமான இடத்தில் மட்டும் தேடினால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். பதிப்பு எண்ணை எழுத்தாக ஒப்பிட்டால் 3.10ஐவிட 3.9 பெரியதாகிவிடும், ஏனென்றால் 1க்கு அப்புறம்தானே 9. சரி, 'பதிப்பு இதுவேதான் இருக்க வேண்டும்' என்று கறாராக எழுதினால்? ஃபயர்ஃபாக்ஸ் போலத் தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் விதியைத் தாண்டிப் போய்விடும். ஏஜென்ட் பழைய பதிப்பைக் கொண்டுவந்து அதன் மேல் போடப் பார்க்கும். 'இது அல்லது இதற்கு மேல்' என்று எழுதுவதுதான் சரி.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. விண்டோஸில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட வின்32_புராடக்ட் என்ற வழியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்டாலே, எம்எஸ்ஐ என்ற விண்டோஸின் சொந்த இன்ஸ்டால் முறையில் போடப்பட்ட ஒவ்வொரு மென்பொருளையும் விண்டோஸ் சரிபார்க்கத் தொடங்கும். குறை தெரிந்தால் ரிப்பேரும் செய்யும். இருக்கிறதா என்று கேட்ட கேள்வியே அத்தனை கணினிகளையும் வேலை வாங்கிவிடும். ரெஜிஸ்ட்ரியைப் படிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

விதி தப்பாக இருப்பது இன்ஸ்டால் முடிந்த பிறகும் தெரியவரும். கான்ஃபிகரேஷன் மேனேஜர் முடிந்ததும் இன்னொரு தடவை தேடும். மென்பொருள் நன்றாக ஓடினாலும் விதிக்கு அது அகப்படாவிட்டால் 0x87D00324 என்ற பிழை எண் வரும். அதைப் பார்த்தால் இன்ஸ்டாலரைச் சந்தேகிக்கும் முன் விதியைப் படியுங்கள்.

இமேஜில் எதை வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. இமேஜில் ஒன்றும் வைக்காதே, எல்லாம் பிறகு இறங்கட்டும் என்பார்கள். வேகமான இணைப்பு உள்ள ஊருக்கு அது சரி. எங்கள் லேபுக்கு லிப்ரே ஆபிஸ் போன்ற கனமானவை இமேஜிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அடிக்கடி மாறும் பிரவுசர் மட்டும் வெளியே. லேபிலேயே ஒரு பழைய கணினியைச் சேமிப்பு சர்வராக்கி, எந்த இன்ஸ்டாலரும் ஒரே ஒரு முறை மலையேறி வந்தால் போதும் என்று அமைத்தேன்.

இந்த மே மாதம் மறுபடி 30க்கும் இமேஜ் போட்டோம். பள்ளி திறந்த காலை, பிள்ளைகள் வரும் முன் சர்வரின் பதிவைத் திறந்தேன். லிப்ரே ஆபிஸுக்கு நேராக 30 வரியிலும் 'ஏற்கெனவே உள்ளது' என்றிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் பக்கத்து மேஜைக் கணினியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.