பழைய கெர்னலில் ஓடியது புதியதில் ஏன் ஓடவில்லை?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்து பூட் செய்ததும் வைஃபை காணாமல் போகிறது. அல்லது மூடித் திறந்த லேப்டாப்பின் திரை கறுப்பாகவே நிற்கிறது. இப்படி முன்பு ஒழுங்காக ஓடியது புதிய பதிப்பில் ஓடாமல் போவதை ரெக்ரஷன் என்பார்கள். மற்ற பிழைகளைவிட இதைப் பிடிப்பது எளிது. ஓடிய பதிப்பு ஒன்றும் ஓடாத பதிப்பு ஒன்றும் கையில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வந்த ஏதோ ஒரு மாற்றம்தான் காரணம். கருவியை இயக்கும் நிரலான டிரைவரின் ஒரு வரியைக்கூடப் படிக்கத் தெரியாதவராலும் அந்த மாற்றத்தைத் தேடிப் பிடிக்க முடியும்.

முதலில், பழி உண்மையிலேயே கெர்னல்மீதுதானா? அதே அப்டேட்டில் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) கோப்புகளும் மாறியிருக்கலாம். பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதிலும் ஓடவில்லை என்றால் சந்தேகத்தை ஃபர்ம்வேர் பக்கம் திருப்பலாம். டிரைவர் கெர்னல் மூலநிரலுக்கு வெளியிலிருந்து வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவர்களை அந்த மாற்றத்தைச் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே இருப்பவற்றை அவற்றைத் தயாரித்தவர்தான் திருத்த வேண்டும்.

அடுத்து, இரண்டு கெர்னல்களின் லாகையும் (கெர்னல் எழுதிவைக்கும் செய்திப் பதிவு) சேமித்து அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பிழை எண்கள் நிறையச் சொல்லும். -2 என்றால் கேட்ட கோப்பு இல்லை. -19 என்றால் அப்படியொரு கருவி இல்லை. -110 என்றால் கருவி உரிய நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. ஆனால் சிவப்பு எழுத்தைக் கண்டதும் அதையே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. இன்டெல் வைஃபை டிரைவர் மிகப் புதிய ஃபர்ம்வேரை முதலில் கேட்கும். கிடைக்காவிட்டால் -2 என்று எழுதிவிட்டு, பழையதை ஏற்றிக்கொண்டு நன்றாகவே ஓடும். ஓடிய கெர்னலின் லாகிலும் இருக்கும் வரி குற்றவாளி அல்ல.

லாக் கைகொடுக்காதபோது கிட் பைசெக்ட் உதவும். கெர்னலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், குற்றவாளி மாற்றத்தைப் பாதிபாதியாகத் தேடும் கட்டளை அது. ஒரு கெர்னல் வெளியீட்டில் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருப்பது வழக்கம். ஓடிய பதிப்பையும் ஓடாத பதிப்பையும் சொன்னால், கிட் நடுவில் உள்ள ஒரு மாற்றத்தை எடுத்துத் தரும். அதை கம்பைல் செய்து (மூலநிரலை ஓடும் கெர்னலாக மாற்றி), பூட் செய்து, நல்லதா கெட்டதா என்று சொன்னால் ஏறக்குறையப் பாதி கழிந்துவிடும். 2-இன் 14-ஆம் அடுக்கு 16,384. ஆகவே சுமார் 14 சோதனைகளில் அத்தனை மாற்றங்களும் ஒன்றாகச் சுருங்கிவிடும். டிரைவரின் கோப்புறைக்குள் மட்டும் தேடச் சொல்லி எண்ணிக்கையைக் குறைக்கலாம்தான். ஆனால் காரணம் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பிசிஐயின் மின்சிக்கன நிரலில் இருந்தால் அந்தத் தேடல் அப்பாவியான ஒரு மாற்றத்தைச் சுட்டிக்காட்டும். முழுதாகத் தேடுவதே நல்லது.

கம்பைல் நேரத்தைக் குறைக்க லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை உதவும். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றப்படும் கெர்னல் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். அதை இயக்கும் முன் சோதிக்க வேண்டிய யுஎஸ்பி கருவிகளையெல்லாம் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் டிரைவரே கம்பைல் ஆகாது, நல்ல கெர்னலும் கெட்டதாகத் தெரியும். நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமிடாத சொந்தக் கெர்னல் பூட் ஆகாது.

பைசெக்ட் பெரும்பாலும் சறுக்குவது விட்டுவிட்டு வரும் கோளாறுகளில்தான். ‘கெட்டது’ என்ற தீர்ப்பு பொதுவாகத் தவறாது, கோளாறைக் கண்ணால் பார்த்துவிட்டோம். ‘நல்லது’ என்ற தீர்ப்புதான் ஆபத்தானது. இரண்டு பூட்டுக்கு ஒன்றில் வரும் கோளாறு, தொடர்ந்து 5 பூட்டிலும் வராமல் ஏமாற்ற 32-இல் 1 வாய்ப்பு உண்டு. சின்ன எண்தான். ஆனால் தேடலில் அப்படி 7 ‘நல்லது’ தீர்ப்புகள் வந்தால், எங்காவது ஒன்று பொய்யாக இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 20 சதவீதம். ஒரே ஒரு பொய்த் தீர்ப்பு போதும், மீதித் தேடல் முழுக்கத் தவறான பாதியில் நடக்கும். 10 பூட் என்று வைத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போகும். நேரம் பிடிக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

ஒவ்வொரு பூட்டுக்கும் முன் மின்சாரத்தை முழுதாக நிறுத்துவதும் முக்கியம். வெறும் ரீஸ்டார்ட்டில் சில கருவிகள் முந்தைய கெர்னல் ஏற்றிய நிலையிலேயே தங்கிவிடும். கெட்ட கெர்னல் நல்லதாக வேஷம் போடும். கம்பைலே ஆகாத மாற்றத்துக்குக் கெட்டது என்று சொல்லாமல் ஸ்கிப் (தாண்டிச் செல்) கொடுங்கள்.

கிடைத்த மாற்றத்தை உடனே நம்ப வேண்டாம். புதிய கெர்னலில் அதை மட்டும் ரிவர்ட் செய்து (திரும்ப எடுத்துவிட்டு) கம்பைல் செய்யுங்கள். கோளாறு மறைந்தால் உறுதி. பிறகு அந்த மாற்றத்தை எழுதியவருக்கும் டிரைவரின் பராமரிப்பாளருக்கும் பைசெக்ட் லாக், இரு கெர்னல்களின் லாக், கருவியின் பிசிஐ அல்லது யுஎஸ்பி அடையாள எண் ஆகியவற்றை அனுப்புங்கள். பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக இருப்பவர். அதனால் மாற்றத்தைச் சுட்டிக்காட்டும் புகாருக்குத் தனி மதிப்பு உண்டு. திருத்தம் முதலில் முதன்மைக் கெர்னலில் சேர்ந்து, அதன் பிறகே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தம் தரும் ஸ்டேபிள் வரிசைக்கு வரும். அதுவரை பழைய கெர்னலை பூட் மெனுவிலிருந்து நீக்காதீர்கள்.