ஒற்றைப் பேரலை: 'ரோக் வேவ்' என்பதற்குத் தமிழ்ச் சொல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், 'ரோக் வேவ்'வைத் தமிழில் எப்படிச் சொல்வது?" அவளுடைய தாத்தா இந்நாட்டின் தென்கரையிலுள்ள மொசெல் பே ஊருக்குத் தெற்கே, கரையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் எரிவாயுத் தளத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் அந்தப் பேச்சு அடிக்கடி வருமாம். நான் சட்டென்று 'ஆழிப்பேரலை' என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அது தவறு.

ஆழிப்பேரலை என்பது சுனாமி. 2004-க்குப் பிறகு அந்தப் பொருளில் நன்றாக வேரூன்றிவிட்ட சொல். கடலடி நிலம் அதிர்ந்து பிறக்கும் அந்த அலை, ஆழ்கடலில் போகும் கப்பலுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். ரோக் வேவ் இதற்கு நேர் எதிர். காற்று கிளப்பிய அலைகளுக்கு நடுவே, திறந்த கடலில் திடீரென்று எழுந்து, சில நொடிகளில் அடங்கிவிடும்.

பத்திரிகைகள் எழுதும் 'ராட்சத அலை'யும் பொருந்தாது. 2007 மார்ச்சில் எங்கள் குவாசுலு-நட்டால் கரையைக் கடல் புரட்டிப் போட்டதே, அதையும் ராட்சத அலை என்கிறோம். அது புயல் கிளப்பிய பெரிய அலைகள் உயர் ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, சேர்ந்து வந்தது. வந்த அலை எல்லாமே பெரிது. தனியாகத் துருத்திக்கொண்டு எதுவும் வரவில்லை.

இங்கேதான் சொல்லின் உயிர் இருக்கிறது. கடலியலில், ஒரு நேரத்தில் வரும் அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியைக் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்கிறார்கள். அதைப்போல இரு மடங்கைத் தாண்டினால்தான் ரோக் வேவ். ஆகவே, மூன்று மீட்டர் கடலில் ஏழு மீட்டர் அலை அந்தப் பெயருக்குத் தகும். பன்னிரண்டு மீட்டர் புயல் கடலில் பதினைந்து மீட்டர் அலை தகாது. உயரம் மட்டும் கணக்கில்லை, கூட்டத்திலிருந்து விலகி நிற்பதுதான் கணக்கு.

மாலுமிகள் காலங்காலமாக இப்படிப்பட்ட அலையைப் பற்றிச் சொல்லி வந்தார்கள், அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1995 சனவரி 1 அன்று வட கடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயுத் தளத்தில், கடலைப் பார்த்தபடி பொருத்தியிருந்த லேசர் கருவி ஓர் அலையைப் பதிவு செய்தது. உயரம் 25.6 மீட்டர், முகடு மட்டும் கடல் மட்டத்துக்கு மேல் 18.5 மீட்டர். அப்போது சுற்றியிருந்த கடலின் குறிப்பிடத்தக்க உயரம் சுமார் 12 மீட்டர். அதற்கப்புறம் யாரும் கட்டுக்கதை என்று சொல்லவில்லை.

சரி, 'ரோக்' என்ன சொல்? ஆங்கிலத்தில் முதலில் ஊர் சுற்றித் திரியும் போக்கிரியைக் குறித்தது. பிறகு கூட்டத்தை விட்டுப் பிரிந்து வெறியோடு திரியும் யானைக்கு ஆனது. அங்கிருந்துதான் அலைக்கு வந்தது. அந்த யானைக்கு நம்மிடம் எப்போதோ பெயர் இருக்கிறது: ஒற்றை யானை. காட்டோரக் கிராமத்தில் "ஒற்றை வருது" என்றாலே கதவைச் சாத்துவார்கள். ஆகவே 'ஒற்றைப் பேரலை' என்பதே என் பரிந்துரை. இங்கே ஆப்பிரிக்கான்ஸில் 'ஃபிராட்ஸ்கோல்ஃப்' என்பார்கள், விபரீத அலை என்று பொருள். அதில் பயம் இருக்கிறது, ஆனால் தனிமை இல்லை. 'முரட்டலை' என்றாலும் அதே குறைதான்.

எங்கள் கடலில் இது ஏன் பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அகுலாஸ் நீரோட்டம் கரையோடு ஒட்டித் தென்மேற்காக ஓடுகிறது, நல்ல வேகத்தில். தெற்குப் பெருங்கடல் புயல்கள் அனுப்பும் அலைகள் தென்மேற்கிலிருந்து வந்து அதன் முகத்தில் மோதுகின்றன. எதிர் நீரோட்டத்தில் அலையின் நீளம் குறுகுகிறது, முகம் செங்குத்தாகிறது. நீரோட்டம் அலைகளை வளைத்து ஓரிடத்தில் குவிக்கவும் செய்கிறது. அலைக்கு முன்னால் ஆழமான பள்ளம் வரும். கப்பல் மூக்கை அதில் நுழைத்துவிட்டால், எழுவதற்குள் அடுத்த சுவர் மேலே விழும். அதனால்தான் தென்மேற்குப் புயல் வரும்போது, ஓட்டத்தை விட்டுக் கரைப்பக்கம் ஆழம் குறைந்த நீருக்கு ஒதுங்கச் சொல்கிறார்கள்.

கப்பல் ஒதுங்கலாம், தளம் எங்கே ஒதுங்கும்? ஆகவே தளம் கட்டுபவர்கள் கடலுக்கும் தளத்தின் அடித்தட்டுக்கும் நடுவே இடம் விடுகிறார்கள். 'ஏர் கேப்' என்பதைக் 'காற்றிடைவெளி' என்று மொழிபெயர்ப்பதைவிட 'அடித்தட்டு இடைவெளி' என்றால் யாருக்கும் புரியும். முகடு அதையும் தாண்டினால் தண்ணீர் தட்டை அடியிலும் பக்கவாட்டிலும் தாக்கும். 'ஸ்லாமிங்' என்கிற இதற்கு, பாறையில் அலை மோதுவதற்கு நாம் சொல்லும் 'அறைதல்' போதும். 2015 டிசம்பர் 30 அன்று வட கடலில் கடலடியில் துளையிடும் ஒரு மிதவைத் தளத்தின் தங்குமிடச் சன்னல்களை அலை அறைந்து உடைத்ததில் ஒருவர் இறந்தார். அறைதல் என்ற சொல்லின் எடை அதுதான்.

பயன்பாட்டில் ஓர் எச்சரிக்கை. 1909 சூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட 'வராட்டா' கப்பல் 211 பேரோடு மறைந்தது, சிதைவு இன்றுவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஒற்றைப் பேரலை கவிழ்த்தது' என்று எழுத வேண்டாம். 'கவிழ்த்திருக்கலாம்' என்று எழுதுங்கள்.