முன்கைச் சிரையைக் காப்பது டயாலிசிஸுக்கு முன்பே தொடங்க வேண்டும்

டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் என்னிடம் அனுப்பப்படுபவரின் மேற்கையில் பட்டையைக் கட்டி, முன்கையை விரலால் தடவிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. நல்ல சிரை விரலுக்கடியில் மெத்தென்று எழும்பி அமுங்கும். பலமுறை ஊசி குத்தி மருந்து ஏற்றிய சிரையோ கயிறுபோல் இறுகிக் கிடக்கும். அப்படி இறுகிய சிரைகளை நாள்தோறும் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 300 முதல் 400 மில்லி லிட்டர் இரத்தம் வேண்டும். சாதாரணச் சிரை அவ்வளவு தராது என்பதால் மணிக்கட்டருகே தமனியோடு சிரையை இணைத்து ஃபிஸ்டுலா அமைக்கிறோம். பிரெசியா, சிமினோ என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு 1966-இல் வெளியிட்ட முறை இது. சிரை விரிந்து ஊசியைத் தாங்கும் பக்குவத்துக்கு வர 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகலாம்.

முன்கைச் சிரை கெட்டுப்போயிருந்தால், மேற்கையின் உட்புறத்தில் ஆழமாக ஓடுவதால் ஊசிக்குத் தப்பிய பாசிலிக் சிரையை மேலே கொண்டுவந்து தோலுக்கடியில் பதிக்கலாம். அதற்கும் வழியில்லாதபோது சிலருக்குத் தொடையிலிருந்து சஃபீனஸ் சிரையை எடுத்து, முன்கையில் வளையமாகப் பதித்து, ஒரு முனையைத் தமனியோடும் மறுமுனையைச் சிரையோடும் தைக்கிறோம். அதனுள் இருக்கும் வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே இரத்தத்தை விடும். ஆகவே திசை பார்த்துப் பொருத்த வேண்டும். இந்தச் சிரைக்குப் பதிலாகச் செயற்கைக் குழாயைப் பதித்தால் இரண்டு மூன்று வாரங்களிலேயே பயன்படுத்தலாம், தொடையில் வெட்டும் தேவையில்லை என்பதால் பெரும்பாலும் அதையே வைக்கிறோம். ஆயினும் அதில் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுதல். தொற்றினால் குழாயை இழந்தவருக்குச் சொந்தச் சிரையே மேல் என்பது என் கருத்து. பின்னாளில் இதய பைபாஸுக்கு அந்தச் சிரை தேவைப்படக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தே எடுக்கிறோம்.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்துவருகிறது என்று தெரிந்த அன்றே, அதிகம் பயன்படுத்தாத கையின் முன்கையை ஒதுக்கி வையுங்கள். இரத்தம் எடுக்கவோ மருந்து ஏற்றவோ வந்தால் புறங்கையை நீட்டுங்கள். மறுகையிலும் அப்படியே செய்வது நல்லது. மேற்கைச் சிரை வழியாக நீண்ட கதீட்டர் (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட வேண்டும் என்றால், முதலில் சிறுநீரக மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், இதைக் கேட்பது உங்கள் உரிமை.

ஃபிஸ்டுலாவோ கிராஃப்டோ (வளையமாகப் பதித்த சிரை அல்லது செயற்கைக் குழாய்) வைத்தபின், தினமும் காலையில் அதன்மேல் விரல்களை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள், அதன்மேல் தலைவைத்துப் படுக்காதீர்கள். அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே வந்துவிடுங்கள். உறைந்த கட்டியை அகற்றி வழியை மீட்க குறுகிய நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கும்.