நிணநீர்க் கணுவுக்குள் ஒரு நரம்பு

"ஒரே மாத்திரையை ஒரே அளவில் சாப்பிடும் இரண்டு பேரில், துணையும் நண்பர்களும் உள்ளவர் தேறுகிறார், ஒண்டியாக இருப்பவர் நலிகிறார் என்று எழுதுகிறீர்கள். இது ஆறுதல் பேச்சா, அறிவியலா? நட்பு எந்த வழியாக ரத்தத்துக்குள் நுழைகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுடன் முதுமையை எட்டியிருக்கும் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றிய ஒரு செய்திக் குறிப்பு அவருக்கு இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. அந்த வழியை உடற்கூற்றிலேயே சுட்டிக்காட்ட முடியும் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. வைரஸ் சி.டி.4 வகை டி செல்கள் என்ற வெள்ளணுக்களைத் தாக்கி நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது என்பதும், 1996-ல் பரவலான கூட்டு மருந்துச் சிகிச்சை அந்தச் சாவோலையை நாள்பட்ட நோயாக மாற்றியது என்பதும் பலரும் அறிந்தவை. இன்று அமெரிக்காவில் இத்தொற்றுடன் வாழ்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 50 வயதைக் கடந்தவர்கள். இவர்களில் கணிசமானோர் தன்பாலீர்ப்பு ஆண்கள். அந்த மருந்துகள் வருவதற்குள், 1995 முடிவில், அந்நாட்டில் எய்ட்ஸால் இறந்தவர்களின் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே சான்பிரான்சிஸ்கோவிலோ நியூயார்க்கிலோ பிழைத்திருக்கும் எழுபது வயதுக்காரர் பலருக்கு, முதுமையில் கூட இருந்திருக்க வேண்டிய காதலரும் நண்பர்களும் முப்பது நாற்பது வயதிலேயே போய்விட்டார்கள். பெற்ற குடும்பம் கைவிட்ட நிலையில் நண்பர்களையே குடும்பமாக ஆக்கிக்கொண்டவர்களுக்கு அந்தக் குடும்பமும் இல்லாமற்போனது.

உறவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய முதல் தடயங்கள் மருந்தில்லாத அந்தக் காலத்திலேயே கிடைத்தன. பால்டிமோர், சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலீஸ் ஆகிய நான்கு இடங்களில் 1984-ல் தொடங்கிய ஒரு நெடுங்கால ஆய்வில் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் தொற்றுள்ள 80 தன்பாலீர்ப்பு ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்டீவ் கோலும் அவருடைய சகாக்களும் 1996-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தம் பாலீர்ப்பை எந்த அளவுக்கு மறைத்து வாழ்ந்தார்களோ அந்த அளவுக்கு அவர்களுடைய நோய் வேகமாக முற்றியது. பழக்கவழக்கங்களையும் மருந்துகளையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. வட கரோலினாவில் ஜேன் லெசர்மன் குழுவினர் 82 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மன அழுத்தம் மிகுந்தவர்களும் பிறருடைய ஆதரவு குறைந்தவர்களும் விரைவாக எய்ட்ஸ் நிலையை அடைந்ததைக் கண்டார்கள்.

இதைப் படித்தவுடன் "அப்படியானால் எல்லோரும் வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டியதுதானே" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. கோல் குழுவினரின் இன்னோர் ஆய்வில், பிறர் தம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்று எளிதில் அஞ்சும் ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றியது. ஆனால் அவர்களிலேயே தம் அடையாளத்தை மறைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த வேகம் கூடவில்லை. மறைப்பு சிலருக்குச் சுமையாகவும் சிலருக்குக் கவசமாகவும் இருந்திருக்கிறது. ஆக, உடல் கணக்குப் பார்ப்பது ரகசியத்தை மட்டுமல்ல, எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறதா என்பதையும்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த விழிப்பை உடலெங்கும் கொண்டுசெல்வது பரிவு நரம்பு மண்டலம். நாய் துரத்தும்போது இதயத்தைப் படபடக்க வைப்பதும் உள்ளங்கையை வியர்க்க வைப்பதும் அதுவே. அது இதயத்தோடும் தோலோடும் நின்றுவிடுவதில்லை என்பதுதான் எனக்குச் சலிக்காத வியப்பு. காய்ச்சலின்போது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதல்லவா, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. உடலின் டி செல்களில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் ஓடுகிறது. பெரும்பகுதி இக்கணுக்களையும் அவற்றைப் போன்ற திசுக்களையும் இருப்பிடமாகக் கொண்டது. எச்.ஐ.வி. பெருகும் முக்கியக் களமும் இதுவே. 1980களில் டேவிட் ஃபெல்டனும் அவருடைய குழுவினரும், பரிவு நரம்பு இழைகள் ரத்தக் குழாய்களை ஒட்டியே இக்கணுக்களுக்குள் நுழைந்து, டி செல்கள் கூடியிருக்கும் பகுதிக்குள் கிளை பரப்புவதைக் காட்டினார்கள். அந்த இழை ஒரு முனையில் முடிந்து அங்கு மட்டும் செய்தி சொல்வதில்லை; நூலில் கோத்த மணிகளைப் போல நெடுகிலும் சிறு புடைப்புகள் உண்டு, ஒவ்வொரு புடைப்பிலிருந்தும் நார் அட்ரினலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள் கசிந்து பக்கத்திலிருக்கும் செல்களின் மேல் படிகிறது.

அதை ஏந்திக்கொள்ள டி செல்லின் மேற்பரப்பில் பீட்டா ஏற்பிகள் என்ற புரதங்கள் காத்திருக்கின்றன. நார் அட்ரினலின் அதில் பொருந்தியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு பெருகி, புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. இதன் விளைவுகள் இரண்டு. வைரஸ்களை அடக்கி வைக்கும் இன்டர்ஃபெரானின் உற்பத்தி குறைகிறது. சில வகை எச்.ஐ.வி.க்கள் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வாசல் மேற்பரப்பில் கூடுதலாகத் திறக்கிறது. காவலைக் குறைத்துக் கதவையும் திறந்துவிடும் இந்த வேலையைக் கோலின் ஆய்வகம் 1990களின் இறுதியில் சோதனைக் குடுவையிலேயே செய்து காட்டியது.

குடுவையில் நடப்பது உயிருள்ள உடலிலும் நடக்கிறதா? எரிகா ஸ்லோன், ஜான் கேபிடானியோ, கோல் ஆகியோர் எச்.ஐ.வி.யின் உறவுக்காரனான எஸ்.ஐ.வி. தொற்றிய ரீசஸ் குரங்குகளின் நிணநீர்க் கணுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். நார் அட்ரினலின் இருக்கும் இடங்களை ஒளிரச் செய்து, வைரஸ் பெருகும் செல்களைத் தனியே அடையாளமிட்டு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் பொருத்திப் பார்த்தார்கள். நரம்புப் புடைப்புகளின் அருகில் வைரஸ் பெருகுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அடுத்த ஆண்டு, 2007-ல், வந்த முடிவு இதைவிட அழகானது. சில குரங்குகள் ஒரே கூட்டாளிகளுடன் பழகின. மற்றவற்றுக்குக் கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். உறவு நிலையில்லாத குரங்குகளின் கணுக்களுக்குள் நரம்பு இழைகளே அடர்த்தியாக வளர்ந்திருந்தன. நரம்பை வளர்க்கும் காரணிப் புரதத்தின் மரபணு அங்கே கூடுதலாக இயங்கியது. இன்டர்ஃபெரான் மரபணுக்கள் ஒடுங்கியிருந்தன. அதாவது, சமூக வாழ்க்கை அந்தக் கம்பியில் ஓடும் செய்தியை மாற்றியதோடு நிற்கவில்லை, கம்பியையே புதிதாக இழுத்துக் கட்டியிருக்கிறது. வாசகர் கேட்ட வழி இதுதான்.

மனிதர்களிடம் இப்படிக் கணுக்களை எளிதில் வெட்டிப் பார்க்க முடியாது. உள்ளங்கை வியர்வையையும் இதயத் துடிப்பையும் அளக்கலாம். 2001-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், சிகிச்சை தொடங்கும் முன்பே பரிவு நரம்புச் செயல்பாடு மிகுந்திருந்தவர்களுக்குக் கூட்டு மருந்து குறைவாகவே பலனளித்தது. இன்றைய மருந்துகள் அவற்றைவிட வலிமையானவை. ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் வைரஸைக் கண்டறியவே முடியாது. அவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றுவதும் இல்லை. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 782 தன்பாலீர்ப்பு ஆண் இணைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் முடிவு வெளியிட்ட பார்ட்னர் ஆய்வில் அப்படித் தொற்றியது ஒன்றுகூட இல்லை.

வைரஸ் அடங்கிய பிறகும் மிச்சமிருப்பது அழற்சி. சிகிச்சையில் இருப்பவர்களிடமும் நோய் எதிர்ப்பு மண்டலம் லேசாகப் புகைந்துகொண்டே இருப்பதால் மாரடைப்பு போன்றவை முன்கூட்டியே வருகின்றன. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை இவர்களிடம் பெரிய இதயநோய் நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்தது என்று 2023-ல் ரிப்ரீவ் ஆய்வு காட்டியதற்குப் பிறகு மருத்துவர்கள் இதை இன்னும் கூர்ந்து கவனிக்கிறார்கள். அதே பரிவு நரம்பு எலும்பு மஜ்ஜைக்கும் போகிறது. அங்கே அது அழற்சியைத் தூண்டும் இளம் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைப்பது எலிகளில் தெளிவாகியிருக்கிறது. தனிமையில் இருக்கும் முதியவர்களின் வெள்ளணுக்களில் அழற்சி மரபணுக்கள் மிகுந்தும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் குறைந்தும் இயங்குவதைச் சிகாகோவில் கோலும் ஜான் கசியாப்போவும் கண்டார்கள். அவர்கள் எச்.ஐ.வி. தொற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நரம்பை மட்டும் பேசிச் சாதாரண விஷயத்தை விட்டுவிடக் கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுத்துப் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்தால், கூட்டிப்போக ஒருவர் வராமல் பொதுவாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தனியாக வாழும் எழுபது வயதுக்காரர் யாரை அழைப்பார்? பரிசோதனையைத் தள்ளிப்போடுவார், புற்றுநோய் தள்ளிப்போகாது. மாத்திரையை நினைவூட்டுவது, உடல் இளைப்பதை முதலில் கவனிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அப்படி உடன் வரும் துணையைக்கூட "ரத்த உறவு இல்லை" என்று வார்டுக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தை அங்கே மாற்ற, 2010-ல் அதிபர் ஒபாமாவின் உத்தரவு தேவைப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனத்தைத் திடமாக வைத்தால் எய்ட்ஸ் ஓடிவிடும் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேலே சொன்ன எந்த ஆய்வும் அவர்களுக்குத் துணை நிற்காது. மருந்தை நிறுத்தினால் எத்தனை நண்பர்கள் இருந்தாலும் வைரஸ் சில வாரங்களில் திரும்பிவிடும். மறுபுறம், நோய் முற்றியவர்கள் நண்பர்களையும் இழக்கிறார்கள் என்பதால் தனிமை காரணமா விளைவா என்று ஒவ்வொரு ஆய்விலும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. நட்பை மாத்திரை போலக் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் பார்க்க இயலாது. குரங்குகளின் சோதனை அதனால்தான் அத்தனை விலைமதிப்புள்ளது.

குரங்குகளின் கூட்டாளிகளை மாற்றிப் பார்ப்பதற்கு மக்கள் வரிப்பணமா என்று கேலி செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்காது. 2025-ல் அமெரிக்க அரசு பாலினச் சிறுபான்மையினரின் உடல்நலம் குறித்த நூற்றுக்கணக்கான ஆய்வு நிதிகளை ஒரே வீச்சில் நிறுத்தியபோது (சிலவற்றை நீதிமன்றங்கள் மீட்டன) எனக்கு ஏற்பட்ட எரிச்சல் வெறும் அனுதாபத்தால் வந்ததல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்தவர்களை நாற்பதாண்டு தொடர்வதன் நடுவில் ஓரிரு ஆண்டு விட்டுவிட்டால், அந்த இடைவெளியைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தும் நிரப்ப முடியாது. பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலால் போன்ற பழைய, மலிவான மாத்திரைகள் இருக்கும்போது, அவை இந்த முதியவர்களின் அழற்சியைக் குறைக்குமா, அதற்காக அவர்களுடைய ரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவது தகுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டிய தருணம் இது.