குழாய் கூரையைத் துளைக்கும் இடம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு விறகடுப்புக்குப் புகைக்குழாய் வைக்கிறவர்கள், அடுப்பைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். குழாய் கூரையைத் துளைத்து வெளியேறும் அந்த ஒரு அடி இடத்தைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இருப்பதே அங்கேதான்.

முதலில், புகை ஏன் மேலே போகிறது? வெயில் 35 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.15 கிலோ, 150 டிகிரியில் இருக்கும் புகை அதே அளவுக்கு 0.83 கிலோதான். இந்த எடை வித்தியாசம்தான் இழுப்பு. 3 மீட்டர் குழாயில் அது 9 பாஸ்கல் அளவுக்கு வரும், ஒரு மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம்கூட இல்லை. இவ்வளவு சின்ன விசையில் ஒவ்வொரு வளைவும் ஒரு பங்கைத் தின்றுவிடும், அதனால் முடிந்தவரை நேராக ஏற்றுங்கள்.

இப்போது கூரைக்கு வருவோம். புது மரம் தீப்பற்ற 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் பக்கத்திலேயே குழாய் தினமும் சுட்டுக்கொண்டிருந்தால் கூரையைத் தாங்கும் சவுக்குக் கம்போ பனங்கையோ மாதக்கணக்கில் காய்ந்து, கருகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும். கரியான மரம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கனிய ஆரம்பித்துவிடும். "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், அந்த ரெண்டு வருஷமும் மரம் தீக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம்.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் நடுவே 18 அங்குலம் விடச் சொல்கிறது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. அவ்வளவு இடம் இல்லையென்றால், நடுவில் ராக்வுல் (பாறையை உருக்கிச் செய்யும், தீப்பிடிக்காத பஞ்சு) அடைத்து வரும் இரட்டைச் சுவர்க் குழாயை வாங்கிப் போடுங்கள், அதற்கும் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் சாக்கு, கீற்று எதையும் திணிக்காதீர்கள், காற்று ஓடினால்தான் சூடு வெளியேறும்.

மழைக்குப் பயந்து குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசி இறுக்கிவிடுவதும் தப்பு. 3 மீட்டர் இரும்புக் குழாய் 200 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் நீளும், பூச்சு ஒரே வாரத்தில் விரிசல் விடலாம். கூரைத் துளையைச் சுற்றி நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு தகரக் கழுத்தைப் பொருத்தி, அதை மூடுகிற மாதிரி ஒரு கூம்பைக் குழாயோடு மட்டும் இறுக்கினால் குழாய் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும், தண்ணீரும் உள்ளே வராது.

கீற்றுக் கூரை வழியாகக் குழாய் வேண்டவே வேண்டாம், மேலிருந்து விழும் ஒரு பொறி போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார்த்தூசி பறக்கும், சூடுபட்டால் ஷீட் வெடிக்கவும் செய்யும். மிச்சமிருந்த பிவிசி பைப்பைச் சொருகிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், அது 80 டிகிரியிலேயே இளகிவிடும்.

குழாயின் உச்சி, துளைக்கு மேல் 3 அடியாவது நிற்க வேண்டும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் சுவர், முகடு எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆடிக்காற்று சுவரில் மோதிக் கீழே அமுக்கும்போது புகை அடுப்பு வழியாகவே திருப்பி அடிக்கும். மேல்மூடியை ரொம்பத் தாழ்த்தி வைக்கிறவர்களும் உண்டு; குழாயின் விட்டத்தில் கால்வாசி இடைவெளி விட்டால்தான் குழாய் வாயளவுக்குச் சமமான திறப்பே கிடைக்கும், அதனால் நான் பாதி விடச் சொல்வேன்.

அப்புறம் விறகு. சீமைக்கருவேலத்தைப் பச்சையாகத் திணித்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகை குளிர்ந்து குழாயின் உட்சுவரில் தார் மாதிரி படியும். அந்தப் படிவு ஒருநாள் பற்றிக்கொண்டால் குழாய் முழுக்கத் தீ. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருதரம், தைக்கு அப்புறம் ஒருதரம் கம்பித் தூரிகை விட்டுச் சுரண்டுங்கள். அடைத்த குழாய் கார்பன் மோனாக்சைடையும் வீட்டுக்குள் திருப்பும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் பித்தம் என்று சுக்குக்காப்பி போட உட்காராமல் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.